கை நின்றுபோன ஆடி மாதம்

ஏரிக்கு நடுவே ஒரு தலை மட்டும் தெரியும். முகவாய் வரைக்கும் தண்ணீர். பல்லுக்கு நடுவே ஒரு கயிறு. அந்தக் கயிற்றின் முனையில், தோளுக்குப் பின்னால், ஓலையில் முடைந்த பறி மிதந்துகொண்டிருக்கும். கண் திறந்திருந்தாலும் எதையும் பார்க்காது. தண்ணீருக்கு அடியில் இரண்டு கைகளும் சேற்றைத் தடவிக்கொண்டே போகும். திடீரென்று ஒரு கை மேலே வரும், தோளுக்கு மேலாகப் பின்னால் வீசும், பறிக்குள் ஓர் இறால் விழும். தலை திரும்பிக்கூடப் பார்க்காது. உங்கள் அத்தையை, என் அக்காவை, நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தத் தலைதான். பல்லில் கயிறு இருந்தாலும் அவள் வாய் ஓயாது. அந்தப் பேச்சு பாதி காற்றும் பாதி கயிறுமாக வரும். பழகியவர்களுக்குத்தான் புரியும்.

போன வாரம் பெரியவள், படம் போட்டுக்கொண்டிருந்த கரித்துண்டை வாசலில் வீசியெறிந்துவிட்டு, "எனக்கு வராது நைனா, நான் போட்டா எல்லாம் கோணலா வருது" என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நீளமாக இருந்தது. எனக்கு எழுதப் படிக்கத் தெரிந்தது கொஞ்சம்தான், அதுவும் துணியில் அடையாள எழுத்துப் போடக் கற்றுக்கொண்டது. தெரிந்த அளவில் எழுதிவைக்கிறேன். சின்னவன் வளர்ந்த பிறகு அவனும் படிக்கட்டும். கரித்துண்டை வீசியெறிகிற வேறு பிள்ளைகள் கையில் கிடைத்தால் அவர்களும் படிக்கட்டும்.

எங்கள் குடும்பத்தில் படகு கிடையாது, வலையும் கிடையாது. பழவேற்காட்டு ஏரியில் உட்கார்ந்து, கையால் தடவி இறாலும் நண்டும் பிடிப்பதுதான் வழிவழியாக வந்த வேலை. நான் மட்டும் சின்ன வயதில் கரைச் சுவரில் எல்லாம் மீன் போட்டுவைத்ததால், மேஸ்திரி ஒருநாள் பார்த்துச் சாயக் கொட்டகைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அங்கே ஒல்லாந்தர் கப்பலில் ஏற்றுவதற்காகப் பூவும் கொடியும் எழுதிய துணி செய்தார்கள். இன்றைக்கும் அங்கேதான் செய்கிறோம், உங்களுக்குத் தெரியும். ஆனால் வெள்ளைத் துணியில் எழுதுவது எப்படிப்பட்ட காரியம் என்று நீங்கள் கிட்ட வந்து பார்த்ததில்லை.

துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் ஊறவைத்துக் காயவைப்பார்கள். அதன்மேல் இரும்பும் வெல்லமும் ஊறிய கருப்புக் காடியால் எழுத வேண்டும். காடி பழுப்பாக இருக்கும். துணியில் பட்டதும், நம் கண்ணெதிரே, கருப்பாகிவிடும். பட்டது பட்டதுதான். எழுதுகோல் என்பது ஒரு மூங்கில் குச்சி, அதன் கழுத்தில் மயிர் சுற்றிய ஓர் உருண்டை. உருண்டை காடியைக் குடித்து நிற்கும். விரலால் லேசாக அழுத்தினால் முனைக்கு இறங்கும். கை ஓடிக்கொண்டிருந்தால் கோடு வரும். கை நின்றால் முனையில் ஒரு சொட்டு திரளும். திரண்டால் விழும்.

அப்படி ஒரு சொட்டுதான் விழுந்தது. ஒரு பெரிய விரிப்பு. நடுவில் மரம், மரம் முழுக்கப் பூ. அதில் ஒரு பூவுக்குப் பக்கத்தில், வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில், உளுந்து அளவு ஒரு பொட்டு. அதை அப்படியே விட்டிருக்கலாம். நான் எலுமிச்சைச் சாறு தொட்டு அழித்தேன். எலுமிச்சை பட்டால் கருப்புப் போகும். ஆனால் சாறு பரவி, சுற்றியிருக்கிற பூவிலும் சேர்த்துக் கடுக்காயும் போய்விடும், அது போன இடத்தில் சாயம் பிடிக்காது. பார்த்தால் தெரியாது, துணி வெள்ளையாகத்தான் இருக்கும். மறுபடி எழுதும்போது, அழித்தோமே, இன்னும் ஜாக்கிரதையாக இருப்போம் என்று நினைத்தேன். ஜாக்கிரதையாக இருந்தால் கை நிற்கும். நின்றால் சொட்டு. இன்னொரு சொட்டு, இன்னொரு எலுமிச்சை. இப்படி ஏழு இடம்.

துணி என் கையை விட்டுப் போய், மெழுகு வைக்கிறவர்கள், சாயவேர் காய்ச்சுகிறவர்கள், துவைக்கிறவர்கள் என்று எத்தனையோ பேர் கையைக் கடந்து, சிவப்பு ஏறி வெளியே வந்தபோது, அந்த ஏழு இடமும் தேமல் விழுந்த முகம் மாதிரி வெளுத்து நின்றன. கோட்டைக்குள் ஒல்லாந்தர் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற இடம் கந்தோர். அங்கே துணி பார்க்கிற துரை விரிப்பை வெயிலில் பிடித்தார். சுட்டுவிரலால் ஏழு இடத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டார். பிறகு கத்தரியை எடுத்து ஒரு மூலையை வெட்டிவிட்டார். மூலை வெட்டிய துணி கப்பல் ஏறாது. மேஸ்திரி அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோட்டையிலிருந்து கொட்டகைவரைக்கும் எனக்கு முன்னால் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அந்த நடை எனக்கு இன்னும் கனவில் வருகிறது.

அதற்குப் பிறகு என் கை நின்றுபோனது. நான் சும்மா சொல்லவில்லை. எழுதுகோலைத் துணிக்கு ஒரு விரற்கடை மேலேவரைக்கும் கொண்டுபோவேன், அங்கேயே நிற்கும். மணிக்கட்டு நடுங்கும். முனையில் சொட்டு திரளுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், அவசரமாக எடுத்துவிடுவேன். ஐந்து நாள் அப்படி. ஆறாம் நாள் மேஸ்திரி சொன்னார்: "ஆவணி பொறக்கறவரைக்கும் பாக்கறேன். வாடை திரும்பறதுக்குள்ள கப்பல் போவணும். அதுக்குள்ள உன் கை வந்துச்சுன்னா வா. வரலேன்னா சலவைத் துறைக்குப் போயிடு, உன் பலகையில காட்டூர்க்காரன் ஒருத்தன் குந்துவான்." சலவை ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் துவைக்கப் போனவர்கள் யாரும் எழுதுகிற பலகைக்குத் திரும்பி வந்ததில்லை. அப்போது பெரியவள் உங்கள் அம்மாவின் வயிற்றில் ஏழு மாதம்.

உங்கள் அம்மாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. காலையில் கொட்டகைக்குப் போகிறவன் மாதிரி கிளம்பி, ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஆடி மாதம், ஏரி வற்றிக் கிடந்தது. கரையிலிருந்து தண்ணீர்வரைக்கும் வழவழவென்று கருஞ்சேறு. தண்ணீருக்குள் அக்காவின் தலை. அது என்னைப் பார்த்துவிட்டது.

"இன்னாடா, கொட்டகைக்குப் போவல?"

"போவல."

"ஏன், துரை செத்துட்டாரா?"

நான் சொன்னேன். எலுமிச்சை விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். அவள் நடுவில் நாலு இறாலைப் பிடித்துப் பின்னால் போட்டாள்.

"ஒரு பொட்டு உழுந்ததுக்கா இங்க வந்து குந்திக்கினு கீற? சும்மாதானே கீற, இந்தப் பறியப் புடி. எனக்குப் பல்லு வலிக்குது."

பல் வலி பொய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பறியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கரையோரச் சேற்றில் உட்கார்ந்தேன். அவள் பிடித்துப் பிடித்து வீசுவாள், நான் பறியால் ஏந்துவேன். ஏந்தத் தெரியாமல் பாதி நழுவியது. அதற்குத் திட்டு வாங்கினேன். அப்படியே உச்சிப்பொழுது ஆனபோது அவள் ஒரு நண்டை வீசினாள். அது பறியின் விளிம்பில் பட்டு, என் தொடையில் மல்லாந்து விழுந்து, புரண்டு, சேற்றில் இறங்கி, ஒரு வளைக்குள் போய்விட்டது.

"அய்யே, வுட்டுட்டியா? ஆணா பொட்டையா அது?"

முட்டை வைத்திருக்கிற பெண் நண்டை அக்கா பிடிக்க மாட்டாள். தவறிப் பிடித்தால் திரும்ப விட்டுவிடுவாள். அதற்காகத்தான் கேட்டாள். ஆண் நண்டுக்கு வயிற்று மடல் குறுகலாக, கூர்மையாக இருக்கும். பெண்ணுக்கு அகலமாக, அரைவட்டமாக. எனக்கு வாயால் சொல்ல வரவில்லை. பக்கத்தில் கிடந்த குச்சியை எடுத்துச் சேற்றில் இழுத்தேன். ஓட்டுக்கு ஒரு வளைவு, வயிற்று மடலுக்கு ஒரு வளைவு, கொடுக்குக்கு இரண்டு கோடு. "இப்டி இருந்துச்சு."

அவள் தண்ணீரிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பொட்டை. போவட்டும், நல்லது." இன்னும் இரண்டு இறாலைப் பிடித்த பிறகு சொன்னாள்: "கை நடுங்கலியே இப்ப."

அப்போதுதான் நான் என் கையைப் பார்த்தேன். ஒரு வாரத்துக்குப் பிறகு நான் இழுத்த முதல் கோடு அது. வரைகிறோம் என்று நினைத்திருந்தால் வந்திருக்காது. ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அவசரமாக இழுத்ததால் வந்துவிட்டது.

அக்காவுக்கு வரையத் தெரியாது. வரைவதைப் பற்றி யோசித்தவளும் இல்லை. ஆனால் ஒரு விளையாட்டுக் கிடைத்தால் விடமாட்டாள். மறுநாள் நான் போய் உட்கார்ந்ததும் ஒரு நண்டைப் பிடித்து வேண்டுமென்றே என் முன்னால் சேற்றில் போட்டாள். "அது பூடறதுக்குள்ள போடு பாக்கலாம்." நண்டு வளையைத் தேடி ஓடுகிற நேரம் எவ்வளவு? பத்து மூச்சு இருக்கும். முதல் நண்டுக்கு நான் முதுகை மட்டும்தான் இழுத்தேன், அது போய்விட்டது. இரண்டாவதற்கு முதுகும் ஒரு கொடுக்கும். எட்டாவது நண்டில் கால்கள் எல்லாம் வந்துவிட்டன, ஒரு பக்கம் ஐந்தும் ஒரு பக்கம் மூன்றுமாக. அக்கா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த கயிறு நழுவிப் பறி தனியாக மிதந்து போனது. அவள் அதைத் துரத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிள்ளைகளே, இதை நீங்களும் செய்து பார்க்கலாம். நண்டு வேண்டாம், வாசலில் கோழி போதும். அது திரும்புவதற்குள் போட வேண்டும். நன்றாக இருக்கிறதா என்று யோசிக்கக் கோழி விடாது.

அடுத்த நாள் அவள் என்னையும் தண்ணீரில் இறக்கினாள். "நான் எறாவப் பாத்தா புடிக்கிறேன்? கண்ணு இன்னாத்துக்கு? மூடிக்கோ." சேற்றில் நாம் நடந்த காலடிக் குழியில் இறால் வந்து பதுங்கும். திரும்பி வந்து அந்தக் குழிகளைத் தடவ வேண்டும். சின்ன வயதில் செய்தது, மறந்துபோயிருந்தது. விரலுக்கு முதலில் மீசை தட்டும், பிறகு முதுகின் வளைவு, பிறகு ஒரு துள்ளல். பிடித்து மேலே வந்ததும், கண்ணைத் திறக்காமலே, விரல் தொட்டதை அப்படியே சேற்றில் போடச் சொன்னாள். போட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தால் மீசை ஒரு முழம், உடம்பு ஒரு சாண், கால்கள் உடம்பை விட்டுத் தள்ளித் தனியாக நடந்துகொண்டிருந்தன.

"இது எறாவா, உன் மேஸ்திரியா?" என்று கேட்டாள்.

ஆனால் அந்த முதுகு வளைவு இருந்ததே, அது கண்ணால் பார்த்து நான் ஒருநாளும் போடாத வளைவு. உயிரோடு இருந்தது. நான் அதைப் பார்த்தபடி நின்றேன். இத்தனை வருஷம் துணியில் நான் எழுதியதெல்லாம் இன்னொருவர் எழுதியதைப் பார்த்து எழுதியது என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

அப்படியே நாட்கள் ஓடின. சில நாள் இடது கையால் போடச் சொல்வாள். சில நாள் ஒரு நத்தை ஊர்வதைக் காட்டி, அது நிற்கிறவரைக்கும் குச்சியைத் தூக்காமல் பக்கத்திலேயே கோடு இழுக்கச் சொல்வாள். அதில் மட்டும் அவசரம் கூடாது, நத்தையின் வேகம்தான் நம் வேகம். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. அவள் கால் கட்டைவிரலால் சேற்றில் கன்னாபின்னாவென்று ஒரு கிறுக்கு கிறுக்கிவிட்டு, "இத இன்னாவாச்சும் பண்ணு" என்பாள். நான் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பேன். ஒரு பக்கமிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லாதது இன்னொரு பக்கமிருந்து நாரையின் கழுத்தாக இருக்கும். ஒரு கண்ணும் இரண்டு காலும் வைத்தால் நாரை எழுந்து நிற்கும். கெட்டுப்போகும் என்ற பயமே அதில் வராது, ஏனென்றால் அது முதலிலேயே கெட்டுப்போய்த்தான் கிடக்கிறது. ஒரு கிறுக்கலில் மேஸ்திரியின் மூக்கும் மீசையும் தானாகவே இருந்தன. நான் தலைப்பாகை மட்டும்தான் வைத்தேன். அக்கா அதற்குக் கும்பிடு போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.

எல்லாம் சிரிப்பாகவே போகவில்லை. ஆடி முடிய ஆறேழு நாள் இருக்கும்போது ஒரு கொக்கு பக்கத்தில் வந்து இறங்கியது. அது பறப்பதற்குள் போட்டுவிட்டேன். ஐந்தாறு கோடுதான். போட்டதும் எனக்கே தெரிந்தது, அதுவரைக்கும் போட்டதில் இதுதான் நல்லது. அதை விட மனசு வரவில்லை. கழுத்து கொஞ்சம் தடிப்போ என்று தோன்றியது. விரலில் தண்ணீர் தொட்டுக் கழுத்தைத் தடவி அழித்து மறுபடி இழுத்தேன். இப்போது தலை பெரிதாகத் தெரிந்தது. தலையை அழித்தேன். அலகு கோணியது. அரை நாழிகை அப்படியே குனிந்திருந்தேன். நிமிர்ந்தபோது அங்கே கொக்கு இல்லை, குழைத்த சேறுதான் இருந்தது. மணிக்கட்டில் பழைய நடுக்கம் திரும்பி வந்திருந்தது.

அக்கா அன்றைக்கு நிஜமாகவே கோபப்பட்டாள். கயிற்றைத் துப்பிவிட்டுக் கரைக்கு வந்தாள். "நல்லாத்தானேடா இருந்துச்சு அந்தக் கொக்கு? நீதான் அத நோண்டி நோண்டி சாவடிச்ச. கொட்டகையிலயும் இதத்தான் பண்ணியா?"

நான் அழுதுவிட்டேன். உங்கள் நைனா அழுது நீங்கள் பார்த்ததில்லை. அன்றைக்குச் சேற்றில் உட்கார்ந்து அழுதேன். ஏழு எலுமிச்சையையும் அவளிடம் சொன்னேன். சொட்டு விழுந்ததால் அந்தத் துணி கெடவில்லை, நான் அழித்ததால்தான் கெட்டது, அது யாருக்கும் தெரியாது, மேஸ்திரி கடுக்காயைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் தலையைத் தடவவில்லை, அவள் கை முழுக்கச் சேறு. பக்கத்தில் குந்திக்கொண்டு ஏரியைப் பார்த்தபடி சொன்னாள்:

"எறா கையில மாட்டிக்கினு நழுவிப் பூட்ச்சுன்னு வச்சுக்கோ. அதயே தேடிக்கினு அங்கியே சேத்தக் கலக்கினா, பக்கத்துக் குழியில கீறதும் ஓடிப்பூடும். நழுவுனா நழுவிச்சு. அடுத்த குழிக்குக் கைய வை. நான் அவ்ளோதான் பண்றேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது." பிறகு எழுந்து, "மூக்கச் சிந்து. ஆம்பள அழுவறத நண்டுங்கோ பாக்குது" என்றாள்.

அன்று சாயங்காலம் உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட உட்கார்ந்தேன். நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்: "சாயக் கொட்டகையிலேர்ந்து தெனம் வேட்டி முழுக்க ஏரிச் சேத்தோட வர்றவர நான் இப்பதான் பாக்கறேன். நீங்களா சொல்வீங்கன்னுதான் இருந்தேன்."

ஆவணி முதல் நாள் கொட்டகைக்குப் போனேன். மேஸ்திரியிடம் எலுமிச்சையைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமலே, "முப்பது வருஷமா இந்த வேலை பண்றேன், எலுமிச்ச வாசனை எனக்குத் தெரியாதா?" என்றார். "நீ எப்ப சொல்வேன்னுதான் பாத்துக்கினு இருந்தேன்." பிறகு என் பலகையில் ஒரு விரிப்பைப் போட்டார். முன்பு கெடுத்தேனே, அதே அளவு, அதே மரம். கப்பலுக்குப் போக வேண்டிய ஜோடியில் ஒன்று என்னால் குறைந்திருந்தது. "இது உன்னுது. இதுவும் போச்சுன்னா, நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

எழுதுகோலை எடுத்தேன், கை நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சட்டியில் விரலைத் தொட்டு, சாணி மெழுகிய தரையில் ஒரு நண்டு போட்டேன். பத்து மூச்சு. ஒரு கொக்கு. கண்ணை மூடிக்கொண்டு ஓர் இறால். இடது கையால் ஒரு நாரை. பக்கத்துப் பலகைக்காரர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "இவனுக்குப் பேய் புடிச்சிக்கிச்சு" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. நான் தரையில் ஒரு கிறுக்கு கிறுக்கினேன், அதை ஒரு மீனாக்கினேன். ஆவணி வெக்கையில் அந்த ஈரக் கோடுகள் போடப் போடக் காய்ந்து மறைந்தன. கை சூடானது. கடைசி மீன் காய்வதற்குள் எழுதுகோலை எடுத்துத் துணியில் வைத்து, மரத்தின் அடியிலிருந்து முதல் கிளைவரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன்.

மூன்றாவது நாள் ஒரு சொட்டு விழுந்தது. மேல் கிளைக்குக் கீழே, வெள்ளையில், உளுந்து அளவு. எலுமிச்சை மூடி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. என் கண் அந்தச் சொட்டிலேயே இருந்தது. கை மட்டும், அதற்கு என்ன தெரிந்ததோ, அடுத்த இலைக்குப் போய்விட்டது. இலைக்குப் பிறகு அடுத்த இலை. நான் பின்னாலேயே போனேன்.

பதினெட்டு நாளில் எழுதி முடித்தேன். அது மெழுகுக்குப் போனது, சாயவேருக்குப் போனது, துவைத்துக் காய்ந்து புரட்டாசி நடுவில் கந்தோருக்குப் போனது. துரை வெயிலில் விரித்துப் பிடித்தார். அவர் விரல் துணியின்மேல் மேலிருந்து கீழாக இறங்கியது. மேல் கிளைக்குக் கீழே வந்து நின்றது. சொட்டின்மேல் நின்றது. அவர் நகத்தால் ஒருமுறை சுரண்டினார், குனிந்து பார்த்தார், பேச்சை மாற்றிச் சொல்கிற துப்பாசியிடம் ஏதோ சொன்னார். துப்பாசி திரும்பி, "வண்டான்னு கேக்கறாரு" என்றார்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். வண்டு என்று சொல்லிவிடலாம். எனக்கு வாயில் என்ன வந்ததோ, "இல்லீங்க, சொட்டு" என்றேன். துப்பாசி அதைத் துரையிடம் சொன்னார். துரை இன்னொரு தரம் துணி முழுவதையும் பார்த்தார். கத்தரி மேசைமேலேயே இருந்தது. அவர் துணியை மடித்து நல்லவை அடுக்கில் வைத்தார். என் பலகை எனக்கே நின்றது. உங்களை வளர்த்ததும் அந்தப் பலகைதான்.

வெளியே வந்ததும் நேராக ஏரிக்கு ஓடினேன். வாடை தொடங்கப்போகிற நாட்கள், வானம் மூடியிருந்தது, காற்றில் ஈரம். அக்கா மார்பளவு தண்ணீரில் இருந்தாள். கரையிலிருந்தே கத்தினேன், "அக்கா, எடுத்துக்கினாங்கோ!"

"நல்லதாப் போச்சு" என்றாள். கயிற்றை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "எப்டிடா கீது அது?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷம் நான் எழுதிய துணியில் ஒன்றைக்கூட அக்கா பார்த்ததில்லை. கொட்டகைக்குள் அவள் வரமாட்டாள், கோட்டைக்குள் விடமாட்டார்கள். துணி மூட்டையானால் படகில் முகத்துவாரத்தைத் தாண்டிக் கப்பலுக்குப் போய்விடும். அவள் பக்கத்திலேயேதான் அந்த மூட்டைகள் போகும், கோணியைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

"அங்கியே நில்லு" என்றேன். ஒரு நீளமான குச்சியாகத் தேடி எடுத்தேன். கரைச் சேற்றில், ஒரு படகு அகலத்துக்கு, அந்த மரத்தைப் போட ஆரம்பித்தேன். நின்று பார்க்கவில்லை, அழிக்கவில்லை. அடிமரம், கிளை, கிளைமேல் கிளை, பூ, மொட்டு, ஓரத்துக்குக் கொடி. பின்னோக்கி நடந்துகொண்டே போட்டேன். பாதியில் திரும்பிப் பார்த்தேன். அக்கா பிடிப்பதை நிறுத்தியிருந்தாள். ஈரக்காற்று பட்டு அவள் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

"மேல வாக்கா, குளிருது உனக்கு."

"மேல வந்தா கிட்டப் பூடும், முழுசாத் தெரியாது. நீ போடு, சீக்கிரம் போடு" என்றாள்.

அத்தை போய் நாலு மழைக்காலம் ஆகிவிட்டது. சின்னவனுக்கு அவள் முகம் நினைவில்லை. அந்த விரிப்பு எந்த ஊரில், யார் வீட்டுக் கட்டிலில் கிடக்கிறதோ, எனக்குத் தெரியாது. இன்றைக்கும் காலையில் பலகையில் உட்காரும்போது என் கை முதலில் நிற்கத்தான் செய்கிறது. வயதாகிவிட்டால் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. தரையில் விரலால் பத்துக் கோணல் நண்டு போட்ட பிறகுதான் அது அசைகிறது. பெரியவளே, உனக்குச் சொல்ல வேண்டியது இதுதான். கோணலாக வருகிறது என்று சொன்னாயே, எனக்கும் தினமும் முதல் பத்து அப்படித்தான்.

அன்றைக்குக் கடைசி இலையைப் போட்டு முடிக்கும்வரைக்கும் அக்கா தண்ணீரில்தான் நின்றாள். பிறகும் கொஞ்ச நேரம் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை, அவள் சும்மா இருந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அப்புறம் கரையேறினாள். விரல்கள் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன, பல் கிடுகிடுத்தது, இடுப்பில் பறி நிறைந்து கனத்தது. வீட்டுக்குப் போகிற வழி, சேற்றில் நான் போட்ட மரத்தின் குறுக்கேதான் இருந்தது. அவள் அந்த வழியில் போகவில்லை. சிப்பி ஓடு குத்துகிற கரையோரமாக, வெறுங்காலோடு, நொண்டி நொண்டி, மரத்தை முழுக்கச் சுற்றிக்கொண்டு போனாள்.